பொய்யுரையாப் பளிங்குச் சாட்சி

கோயிற் கேணியிலே கால் கழுவ இறங்கும் சிறுவரை நோக்கி, "படி வழுக்கும், பார்த்து இறங்கு" என்று பெரியோர் எச்சரிப்பதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நீர்மட்டத்திற்குக் கீழேயுள்ள கற்படிகளில் மெல்லிய பழுப்புநிறப் படலம் ஒன்று படிந்திருக்கும். கையால் தடவினால் வழவழப்பாயிருக்கும். நகத்தாற் சுரண்டினால் எளிதிற் பெயர்ந்துவிடும். அதனைப் பாசி என்றோ சேறு என்றோ சொல்லிவிட்டு நாம் அப்பாற் செல்கிறோம். அதற்குமேல் அதனைப் பற்றிச் சிந்திப்பார் இலர்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் உயிரியல் கற்ற மாணவன் ஒருவன் அவ்வாறு அப்பாற் செல்லவில்லை. முதல்நாள் மாலை கேணிப்படியில் வழுக்கி விழுந்து முழங்காலைக் காயப்படுத்திக்கொண்ட அவன், மறுநாட் காலை அப்படலத்தைச் சுரண்டி ஒரு சிறு போத்தலில் எடுத்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்கு வந்தான். "சேர், என்னை விழுத்தியது சேறா, பாசியா?" என்று கேட்டான். நான் விடை கூறவில்லை. போத்தலிலிருந்து ஒரு துளியைக் கண்ணாடி வழுக்கியில் இட்டு, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, "நீயே பார்த்துச் சொல்" என்றேன். குனிந்து பார்த்தவன் நெடுநேரம் நிமிரவில்லை. பின்னர் மெல்லச் சொன்னான்: "சேர், உள்ளே தோணிகள் ஓடுகின்றன."

அவன் கூறியது முற்றிலும் பொருத்தமான வருணனையே. இரு முனையும் கூர்ந்த, பொன்னிறமான, கண்ணாடி போன்று ஒளிரும் நுண்ணிய தோணிகள் துடுப்பும் பாயும் இன்றி முன்னும் பின்னும் வழுக்கிச் சென்றுகொண்டிருந்தன. அவற்றுள் ஒரு சாதிக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் நவிக்குலா என்பது. இலத்தீன் மொழியிலே அதன் பொருள் சிறு தோணி என்பதேயாகும். இத்தோணிகளும் இவற்றின் இனத்தவையும் தயற்றங்கள் எனப்படும். தமிழகத்து நூல்கள் இவற்றை டயாட்டம் என்று எழுதும். ஊர்ந்து செல்வதற்காக இவை சுரக்கும் பசைதான் கேணிப்படியை வழுக்கச் செய்கின்றது. மாணவனை விழுத்தியதும் அதுவே.

கண்ணுக்குப் புலனாகாத இந்த உயிர் உலகின் உணவுக்கும் கைத்தொழிலுக்கும் பெருந்துணையாய் இருக்கின்றது. அதனினும் மேலாக, நாம் நம் நீர்நிலைகளுக்கு இழைத்த நன்மை தீமைகளை ஒளிவு மறைவின்றி எடுத்துரைக்கும் சாட்சியாகவும் நிற்கின்றது. அச்சாட்சியத்தின் கதையையே இங்குக் கூற எண்ணுகிறேன்.

கண்ணாடி வீடு

தயற்றம் என்பது ஒரே கலத்தாலான உயிர். பெரும்பாலானவை ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு பங்கிலிருந்து ஐந்திலொரு பங்குவரை நீளமுடையன. பச்சைத் தாவரங்களைப் போலவே சூரிய ஒளியையும் காபனீரொட்சைட்டையும் கொண்டு தமக்கு வேண்டிய உணவைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன. பச்சையத்தோடு பொன்பழுப்பு நிறப்பொருள் ஒன்றும் உடலில் மிகுந்திருப்பதனால் இவை பச்சையாகத் தோன்றாது பழுப்பாகத் தோன்றுகின்றன.

இவற்றின் தனிச்சிறப்பு இவை வாழும் வீட்டிலே உள்ளது. கலத்தைச் சுற்றியுள்ள ஓடு சிலிக்காவினாலானது. கடற்கரை வெண்மணலும், யன்னற் கண்ணாடியும் இதே சிலிக்காவை அடிப்படையாகக் கொண்டவை. மனிதன் மணலைக் கண்ணாடியாக்க வேண்டுமாயின் ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பமுள்ள உலை வேண்டும். தயற்றமோ குளிர்ந்த நீரிலே கரைந்திருக்கும் சிறிதளவு சிலிக்காவை உறிஞ்சி, உலையுமின்றி நெருப்புமின்றித் தன் கண்ணாடி வீட்டைச் சில மணித்தியாலங்களிற் கட்டி முடித்துவிடுகின்றது. இது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை அறிந்துகொள்ள இரசாயன அறிஞர் இன்றும் முயன்றுகொண்டிருக்கின்றனர்.

நம் பாட்டிமார் சில்லறைக் காசு வைத்திருக்கும் பனையோலைக் கொட்டைப்பெட்டியை வாசகர்கள் நினைவிற் கொள்வார்களாக. அதில் மேற்பாதி கீழ்ப்பாதியின்மேற் கவிந்து பொருந்தும். தயற்றத்தின் ஓடும் அவ்வாறே இரு பாதிகளாலானது. இரண்டாக வெட்டப்பட்டது என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்தே அதன் பெயரும் வந்தது. கலம் இரண்டாகப் பிரியும்போது ஒரு பிள்ளைக்கு மேல்மூடியும் மற்றைய பிள்ளைக்குக் கீழ்ப்பாதியும் முதுசமாகக் கிடைக்கும். இரு பிள்ளைகளும் தமக்குக் கிடைத்ததையே மூடியாகக் கொண்டு, அதனுள் அடங்கும்படி புதிய கீழ்ப்பாதியைச் செய்துகொள்ளும். ஆகவே கீழ்ப்பாதியைப் பெற்ற பிள்ளை தாயினுஞ் சிறிது குறுகிவிடும். தலைமுறை தலைமுறையாக இவ்வாறு குறுகி, ஓரெல்லையை அடைந்ததும், இலிங்கமுறை இனப்பெருக்கத்தினால் ஓடின்றிப் பருத்து வளர்ந்து, மீண்டும் முழு அளவான புதிய வீட்டைக் கட்டிக்கொள்ளும்.

ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வொரு வடிவம் உண்டு. தோணி, வட்டத் தட்டு, முக்கோணம், நட்சத்திரம், விசிறி, ஊசி என இவற்றின் உருவங்கள் எண்ணில. ஓட்டின் மேலுள்ள துளைகளும் கோடுகளும் அத்துணை ஒழுங்காகவும் நெருக்கமாகவும் அமைந்திருப்பதால், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நுணுக்குக்காட்டி செய்வோர் தம் வில்லைகளின் திறனைச் சோதிக்கத் தயற்ற ஓடுகளையே பயன்படுத்தினர். இதுவரை பெயரிடப்பட்ட இனங்கள் பத்தாயிரத்திற்கு மேற்பட்டன. பெயரிடப்படாதவை அவற்றினும் பன்மடங்கு இருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. இவ்வடிவ வேறுபாடே பின்னர் நாம் காணப்போகும் சாட்சியத்துக்கு அடிப்படையாகும் என்பதை மாணவர்கள் மனத்திற் பதித்துக்கொள்ளுதல் வேண்டும்.

மூன்று நூற்றாண்டுத் தேடல்

1703 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நாட்டுப்புறக் கனவான் ஒருவர் குளத்து நீர்த்தாவரத்தின் வேரை எளிய நுணுக்குக்காட்டியாற் பார்த்தார். அதில் நீள்சதுரங்களும் சதுரங்களும் ஒன்றோடொன்று மூலை பொருந்திச் சங்கிலியாக நிற்பதைக் கண்டு, படம் வரைந்து, இலண்டன் வேத்தியற் கழகத்துக்கு எழுதினார். தயற்றங்களைப் பற்றி நம்பத்தக்க முதற் குறிப்பு அதுவே என்பர். அக்குறிப்பு அவர் பெயரின்றியே வெளியாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே யேர்மனியைச் சேர்ந்த ஏரென்பேர்க் என்னும் அறிஞர் தம் வாழ்நாளையே இத்தகைய நுண்ணுயிர்களுக்கு ஒப்படைத்தார். 1832 ஆம் ஆண்டு தைமாதத்தில் பீகிள் கப்பலிற் பயணஞ்செய்த சாள்ஸ் டார்வின், ஆபிரிக்காவுக்கு மேற்கேயுள்ள கேப் வேர்டே தீவுகளினருகே வானிலிருந்து மெல்லிய பழுப்புத்தூசி வீழ்வதைக் கண்டார். பின்னர் அத்தூசியிற் சிறு பொட்டலங்கள் சிலவற்றை ஏரென்பேர்க்குக்கு அனுப்பினார். அவர் அதனுள்ளே 67 வகையான உயிருருவங்களைக் கண்டறிந்தார். சிலிக்கா ஓடுடைய நுண்ணுயிர்களுள் இரண்டு நீங்கலாக ஏனையவை யாவும் நன்னீரில் வாழ்பவை! நடுக்கடலிலே நன்னீருயிர்கள் எவ்வாறு வீழ்ந்தன?

இதன் விடையை இன்று நாம் அறிவோம். சகாராப் பாலைவனத்திலே, சாட் நாட்டில், பொடெலே என்னும் பள்ளம் ஒன்றுண்டு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அது மாபெரும் நன்னீர் ஏரியாக இருந்தது. ஏரி வற்றியபின் அடியிற் படிந்த தயற்ற ஓடுகளைக் காற்று வாரிச் செல்கின்றது. உலகில் மிகுதியாகத் தூசி எழும் இடங்களுள் அப்பள்ளமும் ஒன்று. அத்தூசியிற் பெரும்பகுதி அத்திலாந்திக்கு மாகடலில் வீழ, ஒரு பகுதி தென்னமெரிக்காவின் அமேசன் காடுகளையும் சென்றடைகின்றது. ஒரு கண்டத்திலே மாண்ட ஏரியின் தூசி மற்றொரு கண்டத்தின் காட்டிலே சென்று வீழ்வது இயற்கையின் விந்தைகளுள் ஒன்றன்றோ!

ஐந்தில் ஒரு பங்கு

நிலத்திலே புல்லும் மரமும் எவ்வாறோ, கடலிலே தயற்றங்கள் அவ்வாறு எனலாம். உலகம் முழுவதிலும் நிகழும் ஒளித்தொகுப்பில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு தயற்றங்களால் நிகழ்கின்றது என்று கணக்கிட்டுள்ளனர். உலகின் மழைக்காடுகள் யாவும் சேர்ந்து செய்யும் வேலைக்கு இது ஏறக்குறைய ஈடானது. தயற்றங்களைச் சின்னஞ்சிறு கடலுயிர்கள் உண்ண, அவற்றைச் சிறுமீன்கள் உண்ண, அவற்றைப் பெருமீன்கள் உண்கின்றன. நம் அடுப்பிற் கொதிக்கும் மீன்குழம்பின் வரலாற்றைப் பின்னோக்கித் தேடிச்சென்றால் பெரும்பாலும் இத்தகைய நுண்பயிர்களையே சென்றடைவோம்.

"நாம் விடும் மூச்சுக்களுள் ஐந்திலொன்று தயற்றங்கள் தந்தது" என்று சிலர் அழகாகச் சொல்வதுண்டு. மாணவர்கள் இதனைச் சற்றுக் கவனமாகக் கொள்ள வேண்டும். கடலில் உண்டாகும் ஒட்சிசனின் பெரும்பகுதி அங்கேயே உயிர்கள் சுவாசிப்பதற்கும் அழுகுவதற்கும் செலவாகிவிடுகின்றது. வளியிலுள்ள ஒட்சிசன் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகச் சேர்ந்த சேமிப்பாகும். ஆயினும் அச்சேமிப்பிலே தயற்றங்களுக்கும் பங்குண்டு. கனத்த ஓடுடைய இவை மாண்டு கடலடிக்கு அமிழும்போது உடலிலுள்ள காபனையும் தம்முடன் கொண்டு செல்கின்றன. வளியிற் காபனீரொட்சைட்டு மிகாமற் காக்கும் இயற்கை ஏற்பாடுகளுள் இதுவும் ஒன்று.

மாண்ட பின்னும் பயன்

உயிர் போனபின் உடல் அழியும். கண்ணாடி ஓடோ எளிதில் அழிவதில்லை. கடலடியிலும் ஏரியடியிலும் இலட்சக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த ஓடுகள் வெண்மையான, இலேசான மண்ணாகச் சில நாடுகளிற் கிடைக்கின்றன. இதுவே தயற்ற மண். அமெரிக்காவிலே கலிபோர்ணியா மாநிலத்து லொம்பொக் என்னுமிடத்திலுள்ள படிவு உலகப் பெயர் பெற்றது.

இம்மண் உலக வரலாற்றிற் புகுந்த கதை துயரமானது. நைத்திரோகிளிசரீன் என்னும் வெடிதிரவம் சிறிது அதிர்ந்தாலும் வெடிக்கும் இயல்பினது. 1864 ஆம் ஆண்டு சுவீடன் நாட்டில் அல்பிரட் நொபெலின் தொழிற்சாலையில் நிகழ்ந்த வெடிப்பிலே அவருடைய இளைய சகோதரர் எமிலும் வேறு சிலரும் மாண்டனர். அதன்பின் அத்திரவத்தை அடக்கும் வழியைத் தேடிய நொபெல், யேர்மனியிற் கிடைத்த தயற்ற மண்ணோடு அதனைக் கலந்தார். துளைகள் நிறைந்த ஓடுகள் பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோலத் திரவத்தை உறிஞ்சிக்கொண்டன. மூன்று பங்கு திரவமும் ஒரு பங்கு மண்ணுமான அக்கலவையைக் கையாள்வது முன்னையிலும் பன்மடங்கு பாதுகாப்பாயிற்று. 1867 ஆம் ஆண்டில் அவர் உரிமை பெற்ற தைனமைற்று இதுவே. இதனாற் சேர்ந்த செல்வத்திலிருந்தே 1901 முதல் நொபெற் பரிசுகள் வழங்கப்பட்டு வருகின்றன.

இன்று தயற்ற மண்ணின் பெரும்பயன் வடிகட்டுதலேயாகும். சீனிப்பாகு, பழச்சாறு, மதுவகைகள், நீச்சற்குளத்து நீர் என்பன அதனூடாகத் தெளிந்து வருகின்றன. வெப்பந் தாங்கும் செங்கல்லிலும், உலோகம் துலக்கும் பசைகளிலும், வர்ணப் பூச்சுக்களிலும் அது சேர்கின்றது. தானியக் களஞ்சியங்களிலே பூச்சிகொல்லியாகவும் பயன்படுகின்றது. அது நஞ்சன்று. பூச்சியின் மேற்றோலிலுள்ள மெழுகை அத்தூள் உறிஞ்சி உராய்ந்து நீக்கிவிட, பூச்சி உடலிலுள்ள ஈரத்தை இழந்து காய்ந்து சாகின்றது. ஆகையால் உலர்ந்த தானியத்திலேதான் இதன் ஆற்றல் நன்கு வெளிப்படும்.

இல்லத்தரசிகளுக்கு ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். தயற்ற மண் யாவும் ஒரே தன்மையன அல்ல. வடிகட்டலுக்கெனச் சூளையிற் சுட்டெடுத்த மண்ணிலே பளிங்குருவான சிலிக்கா மிகுந்திருக்கும். அத்தூசியை நெடுங்காலம் சுவாசித்த தொழிலாளர் கொடிய நுரையீரல் நோய்க்கு ஆளாகியுள்ளனர். எந்த வகையாயினும் தூள் பறக்குமிடத்தில் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுதல் நன்று.

தந்தை அளித்த நுணுக்குக்காட்டி

இனிச் சாட்சியத்துக்கு வருவோம். அமெரிக்காவிலே 1907 ஆம் ஆண்டு பிறந்த ரூத் பற்றிக் என்னும் பெண்மணியின் தந்தையார் தொழிலால் வழக்கறிஞர். விருப்பத்தால் இயற்கை ஆராய்ச்சியாளர். ஓய்வு நாட்களில் தம் மக்களை அழைத்துச் சென்று ஓடைகளில் நீரும் பாசியும் சேகரிப்பார். வீடு திரும்பியதும் அவற்றை நுணுக்குக்காட்டியிற் காட்டுவார். மகளுக்கு ஏழு வயதானபோது அவளுக்கெனத் தனியாக ஒரு நுணுக்குக்காட்டியையே கொடுத்தார். அக்கொடை வீண்போகவில்லை.

ரூத் 1934 ஆம் ஆண்டிலே தயற்ற ஆராய்ச்சிக்காகக் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆயினும் பிலடெல்பியா நகரின் இயற்கை விஞ்ஞானக் கழகத்தில் அவர் 1945 வரை ஊதியமின்றியே பணிபுரிந்தார். 1948 ஆம் ஆண்டிலே பென்சில்வேனியா மாநிலத்துக் கொனெஸ்ற்றோகா ஆற்றினை ஆராயும் குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். அவ்வாற்றிலே சில இடங்களில் நகரக் கழிவும், சில இடங்களில் ஆலைக்கழிவும் கலந்தன. சில இடங்கள் தூய்மையாக இருந்தன. நீரின் இரசாயனத்தோடு அங்கு வாழும் உயிரினங்கள் அனைத்தையும் இடத்துக்கிடம் எண்ணி ஒப்பிட்டனர்.

அவர் நிலைநாட்டிய உண்மை எளிமையானது. நலமுள்ள ஆற்றிலே பல இனங்கள் வாழும். அவற்றுட் பெரும்பாலானவை சிறு தொகையாகவே இருக்கும். நீர் மாசுறும்போது நொய்யவை மறைந்துபோம். மாசைத் தாங்கவல்ல ஒரு சில இனங்கள் மட்டும் அளவின்றிப் பெருகும். ஊரிலே பலவகைத் தொழிலாளரும் வாழ்ந்தால் ஊர் நலமாயிருக்கின்றது. எல்லோரும் வெளியேற ஒரு கூட்டம் மட்டும் பெருகினால் அங்கே ஏதோ கேடு நேர்ந்திருக்கின்றது என்று நாம் ஊகிப்பதில்லையா? அதுபோன்றதே இதுவும்.

இரசாயனச் சோதனை இருக்கத் தயற்றம் எதற்கு என்று வாசகர் கேட்கலாம். போத்தலில் எடுத்த நீர் அந்தக் கணத்தின் நிலையை மட்டுமே கூறும். நள்ளிரவிலே கழிவைத் திறந்துவிட்டு விடியுமுன் மூடிவிட்டால், காலையில் எடுத்த நீரில் அதன் தடயம் இராமலும் போகலாம். கல்லில் ஒட்டிவாழும் தயற்றமோ இரவும் பகலும் அங்கேயே இருந்து, சென்ற பல வாரங்களின் கதையைத் தன் கூட்டத்தின் அமைப்பிலே பதிந்து வைத்திருக்கும். இக்கருத்தைப் பயன்படுத்த ரூத் பற்றிக் கண்ணாடி வழுக்கிகள் பொருத்திய மிதவைக் கருவி ஒன்றை அமைத்தார். அதனை ஆற்றில் மிதக்கவிட்டுச் சில நாட் கழித்து எடுத்தால், வழுக்கிகளில் ஒட்டிய தயற்றங்களை வகைபிரித்து எண்ணி ஆற்றின் நலத்தை அறியலாம். 1996 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 2013 ஆம் ஆண்டிலே, 105 ஆவது வயதில், அவர் காலமானார். ஆறுகளின் நலத்தைத் தயற்றங்களைக் கொண்டு அளவிடும் முறை இன்று ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் வழக்கமான பரிசோதனையாகிவிட்டது.

சேற்றில் எழுதிய வழக்கு

ஆற்றின் கதை சில வாரங்களின் கதை. ஏரியின் அடிச்சேறோ நூற்றாண்டுகளின் கதையைக் காத்துவைத்திருக்கின்றது. இதனை உலகுக்கு உணர்த்தியது அமில மழை வழக்கு.

1970 களில் நோர்வே, சுவீடன் நாடுகளின் ஏரிகளிலே மீன்கள் மறைந்துகொண்டிருந்தன. நீர் அமிலமாகியிருந்தது. நிலக்கரி எரிக்கும் மின்னிலையங்களின் புகையிலுள்ள கந்தகவீரொட்சைட்டு மழையோடு அமிலமாக வீழ்வதே காரணம் என்று அந்நாட்டு விஞ்ஞானிகள் பலர் கூறினர். பிரித்தானியாவின் புகை கடல் கடந்து தம் ஏரிகளைக் கெடுக்கின்றது என்பது அவர்களின் முறைப்பாடு. எதிர்வாதங்களும் எழுந்தன. நிலத்தைப் பயன்படுத்தும் முறை மாறியதால் மண் அமிலமாயிற்று என்றார் நோர்வேயைச் சேர்ந்த புவிச்சரிதவியலறிஞர் ரொசன்குவிஸ்ற். ஊசியிலை மரங்களை நட்டதே காரணம் என்றனர் சிலர். அவ்வேரிகள் என்றுமே அமிலமானவை என்றனர் வேறு சிலர். நூறு ஆண்டுகளுக்கு முன் அந்நீரை அளந்து குறித்துவைத்தவர் எவருமிலர். சாட்சியில்லாத வழக்காக அது நின்றது.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ரிக் பற்றர்பீ, ரோஜர் பிளவர் ஆகியோர் ஸ்கொத்லாந்தின் கலோவேப் பகுதி மலையேரிகளின் அடியிலே நீண்ட குழாயைச் செலுத்திச் சேற்றினைக் குலையாமல் எடுத்தனர். ஏரியடியில் ஆண்டுதோறும் சேறு படிவதால் மேலே இருப்பது இன்றையது. கீழே போகப்போகப் பழையது. கதிர் வீசித் தேயும் ஈயத்தின் ஒருவகை, ஏறத்தாழ 22 ஆண்டுகளுக்கொருமுறை பாதியாகக் குறையும். சேற்றிலே எஞ்சியுள்ள அவ்வீயத்தை அளந்து ஒவ்வொரு படையின் வயதையும் கணித்தனர். பின்னர் ஒவ்வொரு படையிலுமுள்ள தயற்ற ஓடுகளை நூற்றுக்கணக்கில் எண்ணி வகைபிரித்தனர். எந்த இனம் எந்த அளவு அமிலத்தை விரும்பும் என்பது முன்னரே அறியப்பட்டதாகையால், படைகளிலுள்ள இனங்களைக் கொண்டு அக்காலத்து நீரின் அமிலநிலையையும் கணிக்க முடிந்தது.

1983 ஆம் ஆண்டில் வெளியான அவர்களின் முடிவு தெளிவானது. ரவுண்ட் லொக் ஒவ் கிளென்ஹெட் என்னும் ஏரியிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பெரிய மாற்றமில்லை. அதன்பின் அமிலத்தை வெறுக்கும் இனங்கள் குறைந்து, அதனை விரும்பும் இனங்கள் பெருகின. அமிலநிலையை அளக்கும் பீ.எச். எண் ஏறத்தாழ 5.5 இலிருந்து 5 இற்கும் கீழே இறங்கியது. அவ்வெண் ஓரலகு குறைந்தால் அமிலம் பத்துமடங்கு மிகுந்தது என்பது பொருள். இன்னும் முக்கியமானது யாதெனில், அவ்வேரியைச் சூழ மரம் நடப்படவே இல்லை! மரம் நடப்பட்ட மற்றோர் ஏரியிலும், நடுவதற்கு முன்னரே அமிலம் ஏறத் தொடங்கியிருந்தது. தொடர்ந்து நிகழ்ந்த ஆய்வுகளிலே, நிலக்கரி, எண்ணெய் என்பவற்றின் கரித்துகள்களும் ஏரிச் சேறுகளின் மேற்படைகளிற் பெருகியிருப்பது காணப்பட்டது. மரமோ மாடோ மேய்ச்சலோ அன்று, புகையே குற்றவாளி எனத் தயற்றங்கள் காட்டிக்கொடுத்தன.

பிரித்தானிய மின்சாரசபையும் நிலக்கரிச் சபையும் பொருளுதவி செய்ய, பிரித்தானிய, நோர்வே, சுவீடன் விஞ்ஞானக் கழகங்கள் சேர்ந்து நடத்திய பேராய்வும் 1990 ஆம் ஆண்டில் நிறைவெய்தி இதனையே உறுதிசெய்தது. புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும்படி பெரிய மின்னிலையங்களைக் கட்டுப்படுத்தும் விதிகளை ஐரோப்பியச் சமூகம் 1988 ஆம் ஆண்டிற் கொணர்ந்தது. விதிகள் பிறந்தது தயற்றங்களால் மட்டுமன்று. ஆயினும் வழக்கிலே மறுக்கமுடியாத சாட்சிகளுள் அவையும் நின்றன. அதன்பின் கந்தகம் வெகுவாகக் குறைந்தது. அவ்வேரிகளின் நீரும் மெல்ல மெல்லத் தேறி வருகின்றது. தேறுவதையும் அதே தயற்றங்கள்தாம் அறிவிக்கின்றன. நோய் வந்ததனையும் அது தணிவதனையும் ஒரே நாடி சொல்வதுபோன்றது இது.

சாட்சியையும் விசாரிக்க வேண்டும்

தயற்றம் நீதிமன்றத்துக்கும் சென்றுள்ளது. நீரில் ஒருவரின் உடல் கிடைக்கும்போது, அவர் நீரில் மூழ்கி இறந்தாரா, இறந்தபின் நீரில் இடப்பட்டாரா என்னும் கேள்வி எழும். உயிருடன் மூழ்கியவரின் நுரையீரலுட் புகுந்த நீரிலுள்ள தயற்றங்கள், இதயம் துடித்துக்கொண்டிருக்கையில் இரத்தத்தோடு சென்று என்புமச்சையையும் அடையக்கூடும். இறந்தவரின் உடலிலோ இரத்தம் ஓடாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இச்சோதனை முறை எழுந்தது.

ஆனால் இங்கும் அவதானம் வேண்டும். நீரில் மூழ்காதவர் உடலிலும் சிலவேளை தயற்றங்கள் காணப்பட்டுள்ளன; ஆய்வுகூடத்து நீரிலிருந்தும் அவை வந்து கலக்கலாம். எனவே வேறு சான்றுகளோடு சேர்த்தே இதனைக் கொள்ளவேண்டும் என்பது மருத்துவ அறிஞர் பலரின் கருத்து. தயற்றம் பொய் சொல்வதில்லை. அதன் மொழியைப் பெயர்ப்பவன் தவறலாம். விஞ்ஞானத்தின் நேர்மை தன் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்வதிலேயே உள்ளது.

யார் எண்ணுவது?

கேணிப்படியில் விழுந்த மாணவனிடம் மீளுவோம். அவனும் அவன் நண்பர் இருவரும் இரண்டு வாரம் மாலைவேளைகளில் ஆய்வுகூடத்திலே தங்கினர். கோயிற் கேணியிலிருந்து ஒரு மாதிரியும், சந்தைப்பக்கத்துக் கழிவுநீர் வந்து சேரும் குட்டையிலிருந்து ஒரு மாதிரியும் எடுத்து, ஒவ்வொன்றிலும் முந்நூறு ஓடுகளை எண்ணிப் படம் வரைந்தனர். பெயர் தெரியாதவற்றுக்குத் தோணி, ஊசி, பிறை, விசிறி என்று தாமே தமிழ்ப்பெயர் இட்டனர். கேணியிலே இருபதுக்கு மேற்பட்ட உருவங்கள் கிடைத்தன. குட்டையிலே ஆறே உருவங்கள். அவற்றுள்ளும் ஒன்றே பெரும்பங்கு. மாணவர் மூவரின் கணக்கு முடிந்த முடிபாகாது. இரண்டு இடங்களை ஒருமுறை பார்த்ததைக் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது என்று நான் அவர்களுக்கு எடுத்துரைத்தேன். ஆனால் ரூத் பற்றிக் கண்ட உண்மையின் நிழலை அவர்கள் தம் கண்ணாலேயே கண்டுவிட்டனர்.

புறப்படும்போது அவன் என்னைக் கேட்டான்: "சேர், இவை இவ்வளவையும் எழுதி வைக்கின்றனவே. எங்கள் ஊர்க் குளங்களில் இதையெல்லாம் யார் எண்ணுவது?"

அக்கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. ஓட்டின் கோடுகளைப் பார்த்து இனத்தைச் சொல்லும் பயிற்சி ஒரு நாளில் வருவதன்று. ஆண்டுக்கணக்கான பொறுமை வேண்டும். மரபணுவைக் கொண்டு இனங்களை அறியும் புதிய முறைகள் இப்பொழுது வளர்ந்துவருகின்றன. அவற்றுக்கும் முன்னோடியாக யாராவது ஒருவர் நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்து, இது இன்னது என்று பெயர் கூறியிருத்தல் வேண்டும். இத்தகைய கல்வியாற் பெரும்பொருள் ஈட்டலாம் என்று நான் எவருக்கும் கூறமாட்டேன். ஆயினும் குளத்தையும் ஆற்றையும் வருங்காலத்தவருக்கு விட்டுச்செல்ல விரும்பும் நாட்டுக்கு அத்தகைய சிலர் இன்றியமையாதவர்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் பிறந்தநாளுக்கு விளையாட்டுப்பொருள் வாங்கும்போது, எளிய நுணுக்குக்காட்டி ஒன்றையும் எண்ணிப் பாருங்கள். அது இயலாதாயின், பாடசாலை ஆய்வுகூடத்திற்குப் பிள்ளை போத்தலிற் சேறு கொண்டுசெல்லும்போது ஏசாதிருங்கள். வழக்கறிஞர் ஒருவர் தம் ஏழு வயது மகளுக்குக் கொடுத்த கருவியிலிருந்தே ஒரு நாட்டின் ஆறுகளுக்கு நல்ல மருத்துவர் கிடைத்தார்.

இன்றும் கேணிப்படியின் கீழே அப்பழுப்புப் படலம் இருக்கின்றது. நாம் நீரில் விட்டதையெல்லாம் அது பார்த்துக்கொண்டும் பதிந்துகொண்டும் இருக்கின்றது. சாட்சி ஆயத்தமாக நிற்கின்றது. கேட்பவர் முன்வருதலே வேண்டியது.